உளுந்து அரைபடும் நேரம்

எங்கே தொடங்கினாலும் தப்பாகத்தான் வந்து விழும் என்று பூரணத்துக்குத் தெரிந்திருந்தது. விடிந்ததிலிருந்து நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மைனிக்கு அன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது என்று தொடங்கினால், பிறகு எப்படி விழுந்தாள் என்று கேள்வி வரும். இரண்டு நாளாகவே தலைசுற்றல் என்று தொடங்கினால், தலை சுற்றுகிறவளைத் தனியாகக் குளிக்க விடுவீர்களா என்று கேள்வி வரும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று தொடங்கலாம். அது சத்தியம், அதில் யாரும் குற்றம் பிடிக்க முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை என்று சொன்ன பிறகு அடுத்த வார்த்தை எது? ஏழாம் வகுப்போடு நின்றவளுக்குக் கோர்வையாகப் பேச வராது. தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் பேசாதே என்று அவள் புருஷன் ஆவுடையப்பன் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். இன்றைக்குக் கோமதி மைனிக்கு வருஷத் திதி. மைனி என்றால் ஆவுடையப்பனுக்கு மூத்தவள், உடன் பிறந்த ஒரே அக்காள். போன ஆடியில் இதே வீட்டில், இதோ இந்தக் குளியலறைக்குள், தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். மைனியின் ஒரே மகள் சங்கரி அப்போது மஸ்கட்டில் இருந்தாள். மூன்றாம் நாள்தான் வந்து சேர முடிந்தது. வந்த கூட்டத்தில் அழவும் விழவும்தான் நேரம் இருந்ததே தவிர, கேட்க நேரம் இல்லை. இப்போது பெங்களூருக்கே வந்துவிட்டாள். போன வாரம் போனில் சொன்னாள், "திதிக்கு வாரேன் அத்தை. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவ முழுசாச் சொல்லணும் எனக்கு. கதவை உடைச்சாவன்னு மட்டுந்தான் தெரியும்." குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் பூரணத்துக்குப் பயமாக இருந்தது. முழுசா என்றால் எதிலிருந்து எதுவரை முழுசு?

வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டுப் பத்து நிமிஷம் இருக்கும். வாளியின் குறுக்கே அகப்பைக் காம்பை வைத்து அதில் கம்பியைத் தொங்கவிட்டிருந்தாள். பக்கத்தில் போகப் பயம். கரண்டு தண்ணீரில் இறங்கித் தரை ஈரத்தில் ஓடி வந்து காலைப் பிடிக்கும் என்று யாரோ சொன்னது மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதனால் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் ஐந்து மணி பஸ்ஸுக்குத் திருச்செந்தூர் போய்விட்டார், கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்க. போகும்போது, "குளிச்சிட்டு அடுப்பைப் பத்த வை. சங்கரி ஒம்பது மணிக்கு வந்துருவா" என்று சொல்லிவிட்டுப் போனார். திதிச் சமையலுக்குக் குளிக்காமல் அடுப்பைத் தொடக் கூடாது. வாழைக்காயும் சேனையும் புடலங்காயும் சுளகில் அப்படியே கிடக்கின்றன. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் வீட்டில் ஆள் இல்லாமல் அவள் ஒரு நாளும் குளித்ததில்லை. அது அவருக்குத் தெரியாது. உப்புக் கம்பெனி எடைமேடைக்கு அவர் எட்டு மணிக்குக் கிளம்புவார். அதற்குள் ஏழரைக்கு இவள் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவர் கூடத்தில் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்கிற வரை நாலு செம்பு ஊற்றிக்கொண்டு, முதுகு நனைந்ததோ இல்லையோ வெளியே வந்துவிடுவாள். அவர் ஊருக்குப் போகிற நாளில் மேலைத் துடைத்துக்கொண்டு இருந்துவிடுவாள். ஐம்பத்து மூன்று வயது ஒரு வயதா? எதிர் வீட்டு பிளாரன்ஸ் அக்கா அறுபது தாண்டியும் தினமும் மாதா கோயிலுக்கு நடந்து போய் வருகிறாள். இவளுக்கு ஐம்பதிலேயே முழங்கால் கடகடக்க ஆரம்பித்தது. பிரஷர் மாத்திரை போட்ட பிறகு கட்டிலை விட்டு எழுந்தால் ஒரு கணம் எல்லாம் வெளுத்துத் திரும்புகிறது. அந்த ஒரு கணத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். மைனிக்கும் அப்படி ஒரு கணம்தானே. ஆடிக் காற்று பின்கதவு வழியாக வந்து குளியலறைக் கதவைச் சாத்தியது, திறந்தது, மறுபடி சாத்தியது. பிளாஸ்டிக் கதவு. பழைய மரக்கதவு உடைந்த பிறகு போட்டது. அதற்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்று ஆசாரியிடம் கேட்டது இவள்தான். கேட்டபோது ஆசாரி ஒரு நொடி இவளை நிமிர்ந்து பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று இன்று வரை யோசிக்கிறாள்.

தாழ்ப்பாள் என்பது மற்றவர்களுக்கு ஒரு இரும்புத் துண்டு. பூரணத்துக்கு அப்படி இல்லை. படித்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் ஒதுங்க ஓர் அறை இருந்தது, கதவும் இருந்தது, கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று காலால் கதவை முட்டுக்கொடுக்க வேண்டும். அன்றைக்கு முட்டுக்கொடுத்தவளை வாத்தியார் கூப்பிட்டுவிட்டார், அவள் போய்விட்டாள். இதே மாதிரி ஒரு காற்று. கதவு தானாக, மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் திறந்தது. வெளியே பம்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் திரும்பினார்கள். யாரும் ஒன்றும் செய்யவில்லை, சிரித்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் வயிற்றுவலி என்றாள். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. ஒரு வாரம் கழித்து அப்பா, "சரி, இருக்கட்டும், வீட்ல இருந்து தீப்பெட்டி ஒட்டட்டும்" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்றால், மாட்டாள்தான். எப்படித் தொடங்குவது என்று அப்போதும் தெரியாது. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து, முதல் வாடகை வீட்டைப் பார்க்கப் போனபோது புருஷன் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருகிப் பார்த்தார். இவள் நேரே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். க்ளிக் என்று விழுந்தது. இந்த வீடே போதும் என்றாள். வெளிச்சம் இல்லை, அடுப்படி சின்னது, போதும்.

மைனி வேறு மாதிரி. சங்கரன்கோவிலில் புருஷன் செத்த பிறகு பத்து வருஷம் தனியாக இருந்தாள், ஆனால் தனியாக இருக்கிறவள் மாதிரி ஒரு நாளும் இருந்ததில்லை. காலையில் கோவிலை மூன்று சுற்று, பிறகு கோபுரத்தடியில் ஒரு கடையில் நின்றபடியே டீ. ஆம்பிளைகள் மாதிரி, வடையோடு. மத்தியானம் சேக்காளிகளோடு தாயம். மாசத்துக்கு ஒரு தடவை டூரிஸ்ட் வேன். தலைக்குச் சாயம் போட்டுக்கொள்வாள், நெற்றி ஓரத்தில் கறை விழுந்தால், "கொஞ்சம் கூடுதலா எளமையாயிட்டேன்" என்பாள். வாசல்படி இறங்கும்போது சறுக்கி, கை மணிக்கட்டு பிசகினது அறுபத்தாறாவது வயதில். கட்டுப் போட்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் வைத்தியர் சொன்னார். பூரணத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "தனியா கெடந்து என்னமும் ஆச்சுன்னா ஊரு நம்மளல்லா காறித் துப்பும்" என்று புருஷனிடம் நாலு நாள் அரித்தாள். அவர் போய்க் கூட்டி வந்தார். ஒரு பை, ஒரு பித்தளைச் செம்பு, தாயக்கட்டை. மைனி ஆட்டோவிலிருந்து இறங்கி இந்த வீட்டைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்கே, யாருக்கும் கடன்பட்டிருக்கியளா?" என்று கேட்டாள். அக்கறையில்தானே கூட்டி வந்தது. இல்லை, பயத்தில். அக்கறைக்கும் பயத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும் அல்லவா, அதைப் பூரணம் ஒரு நாளும் கண்டதில்லை. கண்டிருந்தால் மைனி இப்போது கோவிலைச் சுற்றிவிட்டு டீக்கடையில் நின்றுகொண்டிருப்பாள். மணி என்ன, ஏழே முக்கால். ஆமாம், இந்நேரம் டீக்கடையில்தான்.

குளிக்கிறதுதான் பெரும்பாடு. ஆற்றிலும் தெப்பத்திலும் கூட்டமாகக் குளித்து வளர்ந்தவள் மைனி. கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டு, அடுப்படியில் நிற்கிற இவளோடு சத்தமாகப் பேசிக்கொண்டேதான் குளிப்பாள். "ஏட்டி பூரணம், நேத்து அந்த நாடகத்துல அவ புருஷன் திரும்பி வந்தானா?" தண்ணீர். "ஏட்டி, உளுந்த ஊறப்போட்டியா?" தண்ணீர். "ஒனக்கு முதுகு தேய்க்க ஆளு வேணும்னா சொல்லு, நான் சும்மாதான் இருக்கேன்." பூரணம் முதலில் பதமாகத்தான் சொன்னாள், "மைனி, கதவச் சாத்திக்கிடுங்களேன்" என்று. "என்னத்தப் பாக்கப் போறாவ, காஞ்ச கருவாட்டையா?" என்றாள் மைனி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மேனேஜரும் அவர் சம்சாரமும் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், தட்டில் பழம் வைத்துப் பத்திரிகையை நீட்டுகிறார்கள், உள்ளேயிருந்து, "ஏட்டி பூரணம், பாவாடைய மறந்துட்டேன், கொடியில கெடக்கு, எடுத்தா" என்று மைனி. மேனேஜர் சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை இவள் முன்னமே பார்த்திருக்கிறாள், பம்படியில். கொடியிலிருந்து பாவாடையை எடுத்துக்கொண்டு போய்க் கதவிடுக்கில் எறிந்துவிட்டு, கதவைப் படாரென்று இழுத்துச் சாத்தி, கூடத்துக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள், "தாழ்ப்பாள்னு ஒண்ணு இருக்குல்லா? அறுபத்தாறு வயசுல வராத வெக்கம் இனி எப்ப வரப் போவுது?" உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. அதுவரை பூரணம் மட்டுமே போட்டு வந்த தாழ்ப்பாள், மைனியின் பழக்கமில்லாத கையில் கரகரவென்று போய் விழுந்தது. மைனி அன்றைக்குப் பிறகு ஒரு நாள் தவறாமல் தாழ்ப்பாள் போட்டாள். குளிக்கும்போது பேசுவதையும் விட்டுவிட்டாள்.

கோபம்தான், வேறென்ன. கோபமில்லாமல் மனுஷி அத்தனை அமைதியாகக் குளிப்பாளா? அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பது இவளுக்கு உறுத்தியது. உறுத்த உறுத்த மேலும் மேலும் ஏதாவது சொன்னாள். உப்பைக் குறைங்க மைனி. படி இறங்காதீங்க மைனி. சுவரைப் பிடிச்சு நடங்க. சாயம் எதுக்கு, தலையில இறங்கிரும். மருந்துக் கடையில் சொல்லி ஒரு கைத்தடி வாங்கி வந்து கட்டில் ஓரம் சாத்தி வைத்தாள். மைனி அதை ஒரு வாரம் தொடவில்லை, எட்டாம் நாள் தொட்டாள். அதைப் பார்த்தபோது பூரணத்துக்கு ஒரு நிம்மதி வந்ததே, அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது நெஞ்சு காய்கிறது. அறுபத்தாறு வயதுவரை கிழவியாகாதவளை ஐந்து மாதத்தில் கிழவியாக்கியது தானேதான் என்று தோன்றும்போதெல்லாம் எழுந்து எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவாள். கடைசியாக அந்த வியாழக்கிழமை. சங்கரன்கோவில் சேக்காளிகள் வேன் பிடித்துக் குற்றாலம் போகிறார்கள், சாரல் நன்றாக இருக்கிறதாம், மைனியையும் கூப்பிட்டார்கள். "இந்த வயசுல என்ன குத்தாலம்?" என்று கேட்டாள் பூரணம். மைனி கைத்தடியைப் பார்த்துக்கொண்டே, "ஏன், வயசானவுக தலையில அருவி விழாதா?" என்றாள். "விழுந்தா யாரு பாக்கது? நாந்தான பாக்கணும்." மைனி ராத்திரி அரைத் தோசையோடு எழுந்துவிட்டாள். தன்னிடம் மைனி கடைசியாகக் கேட்ட கேள்வி அருவியைப் பற்றியது. அதற்கு விழும் மைனி, போயிட்டு வாங்க என்று சொல்வதற்கு எத்தனை மூச்சு ஆகியிருக்கும்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. இங்கிருந்துதான் சொல்ல வேண்டும், இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மைனி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனபோது பூரணம் கிரைண்டரில் உளுந்தைப் போட்டாள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் இவள் சொன்னது இதுதான்: கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டேன், பதில் இல்லை, ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள், கிரைண்டர் ஓடினால் எங்கே கேட்கும் என்றார்கள். ஆனால் கிரைண்டர் நின்றது. உளுந்து அரைபட்டுப் பொங்கி வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும், இது அவளுக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும். பொங்கிய பிறகு கிரைண்டரை நிறுத்தி, உளுந்தை வழித்தாள். அப்போது வீடே நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்தில், குளியலறைக்குள் செம்பு உருண்ட சத்தம் கேட்டது. பித்தளைச் செம்பு, சிமெண்டுத் தரை. உருண்டு, சுவரில் முட்டி, நின்றது. இவள் கையில் உளுந்து மாவோடு நின்று கேட்டாள். கேட்டுவிட்டு நினைத்தாள், பாத்தியா, கோவத்தச் செம்புல காட்டுதா. நான் மட்டும் போயி மைனி மைனின்னு நிக்கணுமாக்கும். நினைத்துவிட்டு அரிசியை அள்ளிப் போட்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள். அரிசி பாதி அரைபட்ட பிறகுதான் கதவைத் தட்டினாள். இப்போது ஒரு வருஷமாக அந்தச் செம்பு மண்டைக்குள் உருள்கிறது. விழும்போது உருண்டதா? இல்லை, விழுந்து கிடந்து, வாய் வராமல், கையால் தள்ளிவிட்டுக் கூப்பிட்டாளா? முதலாவது என்றால் ஒரு கணக்கு. இரண்டாவது என்றால், இரண்டாவதை அவள் முழுசாக நினைப்பதில்லை. நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் குதிரை மாதிரி முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். பிளாரன்ஸ் அக்காவின் மருமகன் கடப்பாறையால் கதவை நெம்பினபோது, பிளாரன்ஸ் அக்கா கேட்டாள், "எவ்வளவு நேரமாச்சு பூரணம்?" "இப்பத்தான் அக்கா" என்று வந்தது வாயில். யோசித்துச் சொன்னதில்லை. முதலில் அந்த வார்த்தை வந்தது, பிறகு வந்த வார்த்தையெல்லாம் அதற்குக் காவல் நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா" என்று ஆரம்பித்து, நர்ஸ் கூப்பிடவும் அப்படியே போய்விட்டார். கொண்டு வந்திருந்தால்? பிழைத்திருப்பாளா, இல்லை பிழைக்காமலேதான் இருந்திருப்பாளா? அந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லி இன்னொரு நாள் போய்க் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

சங்கரியிடம் எதைச் சொல்வது? தாழ்ப்பாளைச் சொல்லிவிட வேண்டும். அதுவரை முடிவு செய்துவிட்டாள். மகள் கேட்கத்தான் போகிறாள், எங்கம்மா தாழ்ப்பாள் போடுகிறவள் இல்லையே, அன்றைக்கு எப்படிக் கதவு பூட்டிக் கிடந்தது என்று. நான்தான் போடச் சொன்னேன், வந்தவர்கள் முன்னால் அசிங்கப்படுத்தினேன் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் சங்கரி என்ன செய்வாள்? பூரணத்துக்குப் பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கிளம்பும்போது சங்கரி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவ நீங்க பாத்துக்கிட்டிய. ஒங்கள நான் பாத்துக்கிடுதேன், அத்தை. வயசான காலத்துல எங்கிட்ட வந்துருங்க ரெண்டு பேரும்" என்றாள். அன்றிலிருந்து, நடுவில் எதற்காவது மனம் நடுங்கும்போதெல்லாம் இவள் பிடித்துக்கொள்வது அந்த ஒரு பேச்சைத்தான். மைனியின் மகள் வீட்டில், மைனிக்குக் கிடைக்க வேண்டிய கட்டிலில், மைனிக்கு விழ வேண்டிய சோற்றில் தன் முதுமை கழியப் போகிறது என்று நினைக்கும்போது கூசும். கூசினாலும் விட மனம் வராது. ஆவுடையப்பனுக்கு அறுபது ஆகப் போகிறது. அவர் முந்தினால் இந்த வீட்டில், இந்தச் சாத்திய ஜன்னல்களுக்குள், தான் மட்டும். குளிக்கப் போகும்போது பேப்பர் புரட்டுகிற சத்தம்கூட இராது. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்து வாளியில் புஸ்புஸ் என்றது. எழுந்து சுவிட்சை அணைத்தாள். கம்பியை உருவுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டதா என்று மூன்று தடவை பார்த்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவு வரை போனாள். உள்ளே தரை ஈரமாக மினுங்கியது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரத்தில்தான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மணி எட்டே கால்.

"பஸ் சீக்கிரம் வந்துட்டு அத்தை" என்று சங்கரி பையை இறக்கினாள். மைனியின் அகன்ற நெற்றி, மைனியின் நடை. முகம் மட்டும் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது. "மாமா போயிட்டாவளா? என்ன, நீங்க இன்னும் குளிக்கல? அடுப்பும் பத்த வைக்கல?"

"தண்ணி சுட வச்சேன். குளிக்கணும்" என்றாள் பூரணம். வேறு எதுவும் சொல்வதற்கு முன்னால், வா என்று சொல்வதற்கு, காப்பி வேண்டுமா என்று கேட்பதற்கு எல்லாம் முன்னால், நின்றபடியே அது வெளியே வந்துவிட்டது. "சங்கரி, தாழ்ப்பாள நாந்தான் போடச் சொன்னேன். மேனேஜர் வீட்டுக்காரங்க வந்திருந்தாவ. அவுங்க முன்னாடி உங்கம்மாவ வெக்கம் இல்லயான்னு கேட்டுட்டேன். அதுல இருந்துதான் போட ஆரம்பிச்சா. அந்தக் கோவத்துல எங்கிட்ட குளிக்கையில பேசவே மாட்டா. இதத்தான் நான் யாருகிட்டயும் சொல்லல."

சங்கரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கால் செருப்போடு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, பூரணம் எதிர்பார்த்தே இராத விதமாக, லேசாகச் சிரித்தாள்.

"அது எனக்குத் தெரியுமே அத்தை. அன்னைக்கே போன்ல சொன்னா அம்மா. பூரணம் என்னைய வெக்கப்பட வச்சுட்டாட்டி, உங்கப்பாவால கூட முடியல, அப்படின்னு விழுந்து விழுந்து சிரிச்சா. கோவமா? கோவம்லாம் இல்ல. பொறவு ஒரு நாளு கேட்டதுக்கு, நான் சத்தமில்லாம குளிச்சா அவ முகத்துல ஒரு நிம்மதி வருது, அது போதும், பாவம் பயந்த புள்ளன்னு சொன்னா." செருப்பைச் சுவரோரம் வைத்தாள். "நான் கேக்க வந்தது அது இல்ல."

பூரணம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இல்லை. அப்படியானால் அந்த மூன்று மாத அமைதி தனக்காகத் தந்தது. அப்படியானால் அந்தச் செம்பு. கோபத்தை எடுத்துவிட்டால் அந்தச் செம்புச் சத்தத்துக்கு வேறு அர்த்தமே மிச்சம் இல்லை.

சங்கரி பக்கத்தில் வந்து நின்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "எவ்வளவு நேரம் கெடந்தா அத்தை? ராத்திரியெல்லாம் அதுதான் எனக்கு. கூப்பிட்டாளா? ஏதாவது சத்தம் கேட்டுச்சா ஒங்களுக்கு?"

நாலு விதமாகச் சொல்லிப் பார்த்ததில் இதற்குப் பதில் இல்லை. சொல்லலாம். உளுந்து வழிச்சேன், செம்பு உருண்டிச்சு, அரிசியப் போட்டேன். மூன்றே வாக்கியம், கோர்வையாகவே வருகிறது, தலையும் காலும் சரியாகவே இருக்கிறது. சங்கரியின் கண்ணுக்குக் கீழே கருவளையம். இவள் கையை அவள் பிடித்திருந்தாள், பதினாறாம் நாள் பிடித்த மாதிரியே.

"அஞ்சு நிமிஷம்" என்றாள் பூரணம். "அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. கிரைண்டர் ஓடுச்சு. ஒரு சத்தமும் கேக்கல. கஷ்டப்படல அவ."

சங்கரி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நெடுநேரம் அழுதாள். பாரம் இறங்கிய அழுகை அது, உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. இறங்கிய பாரம் எங்கே போய் உட்கார்கிறது என்று பூரணத்துக்குத் தெரிந்தது. பிறகு சங்கரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்க, குளிங்க. தண்ணி ஆறிரும்" என்றாள். பூரணம் நகரவில்லை. "தனியா குளிக்கப் பயமா இருக்கு எனக்கு" என்றாள். இதை மட்டும் உள்ளபடியே சொன்னாள். ஏன் எதற்கு என்று சங்கரி கேட்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "தாழ்ப்பாள் போடாதீங்க. கதவ ஒருச்சாச்சு வச்சுக்கிடுங்க. நான் கூப்பிடுவேன், நீங்க சத்தம் குடுங்க, என்ன?"

பூரணம் உள்ளே போனாள். நின்று குளிக்கவில்லை. சுவரைப் பிடித்து, மெல்ல இறங்கி, தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பச்சைத் தண்ணீர் விளாவி முதல் செம்பு ஊற்றினாள். "அத்தை." "இருக்கேன்." இரண்டு செம்பு. "அத்தை." "இருக்கேன்." மூன்றாவது தடவை, என்னவோ ஒரு நினைப்பில், அவள் பதில் சொல்லவில்லை. செம்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. ஒரு சொட்டு, இரண்டு, மூன்று. நான்காவது சொட்டு விழுவதற்குள் நாற்காலி தள்ளுப்பட்டு, கதவு முழுசாகத் திறந்து, சங்கரி உள்ளே நின்றாள்.

"ஏன் அத்தை சத்தம் குடுக்கல?"

"காதுல தண்ணி போயிட்டு" என்றாள் பூரணம்.

சங்கரி மறுபடி போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பூரணம் அவள் கூப்பிடுகிற வரை காத்திருக்கவில்லை. ஒவ்வொரு செம்பையும் ஊற்றிய கையோடு, தண்ணீர் வழிகிற வாயால், தானாகவே சொல்லிக்கொண்டே குளித்தாள், இருக்கேன், இருக்கேன், இருக்கேன் என்று.